ஆரம்பப் பிரிவில் ஆங்கிலச் சொல் விளையாட்டுகள்: எதில் பிள்ளை உண்மையாகவே சொல்லைக் கற்கின்றது?

உப்புவெளி ஆசிரியை எழுதியது:

திருகோணமலை மாவட்டத்தில் ஆரம்பப் பிரிவுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களிடமும், அப்பிள்ளைகளின் பெற்றோரிடமும் ஒரு விடயத்தைக் கேட்க விரும்புகிறேன். நமது பாடத்திட்டத்தில் தரம் 1, தரம் 2 ஆகியவற்றில் ஆங்கிலம் செயற்பாடுகளின் ஊடாக வாய்மொழியாகவே அறிமுகமாகின்றது. எழுத்தும் வாசிப்பும் சேர்ந்த தனிப் பாடமாக அது தரம் 3இல்தான் தொடங்குகின்றது. எட்டு வயதுப் பிள்ளை புதிய எழுத்துகளையும் புதிய ஒலிகளையும் புதிய சொற்களையும் ஒரே ஆண்டில் எதிர்கொள்ளும் அந்த இடத்தில் விளையாட்டு பெருந்துணையாக இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், எந்த விளையாட்டு, எப்படி விளையாடப்படுவது என்ற கேள்வியை நாம் போதிய அளவு கேட்பதில்லை.

எழுத்துக் கட்டத்துக்குள் மறைந்திருக்கும் சொற்களைத் தேடி வட்டமிடும் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பு அமைதியாக இருக்கும். எல்லாப் பிள்ளைகளும் ஆர்வத்துடன் குனிந்திருப்பார்கள். ஆனால், தேட வேண்டிய சொற்களின் பட்டியல் கட்டத்தின் கீழே எழுதப்பட்டிருந்தால், பிள்ளையின் கண் ஓர் எழுத்து வரிசையை இன்னோர் எழுத்து வரிசையுடன் ஒப்பிடும் வேலையை மட்டுமே செய்கின்றது. சொல்லின் பொருள் தெரியாமலும், அதை ஒருமுறைகூட உச்சரிக்காமலும் முழுக் கட்டத்தையும் முடித்துவிடலாம். சிங்களம் வாசிக்கத் தெரியாத ஒருவரும் சிங்கள எழுத்துகளில் அமைந்த கட்டத்தை இதே முறையில் முடிக்க இயலும். பட்டியலை நீக்கிவிட்டு அந்த இடத்தில் படங்களைக் கீறினால் நிலைமை முற்றாக மாறிவிடுகின்றது. நண்டின் படத்தைப் பார்த்து, அதன் ஆங்கிலப் பெயரை நினைவிலிருந்து எடுத்து, எழுத்துகளை மனத்தில் கூட்டிய பின்னரே பிள்ளை தேடத் தொடங்க முடியும். கட்டம் அதே கட்டம்தான். பிள்ளையின் மனம் செய்யும் வேலை வேறு.

ஆகவே, பிள்ளைகள் மகிழ்ந்தார்களா என்று பார்ப்பதோடு நிற்காமல், பொருளிலிருந்து சொல்லை நினைவுக்குக் கொண்டுவரும் தேவை அந்த விளையாட்டில் இருந்ததா, சொல்லை வாயால் சொல்லும் தேவை இருந்ததா, அந்த வாய்ப்பு வகுப்பின் கடைசிப் பிள்ளை வரை சென்றதா என்பவற்றை வைத்தே ஒரு விளையாட்டை மதிப்பிட வேண்டும் என்று கருதுகிறேன். உங்கள் வகுப்புகளில் எவை பயன் தந்தன, எவை நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டன என்று விரிவாக எழுதுமாறு வேண்டுகிறேன்.

மூதூர் ஆசிரியர் எழுதியது:

வணக்கம் ரீச்சர். சொல் தேடும் கட்டத்தைப் பற்றி நீங்கள் கூறியதை, பிள்ளைகள் எழுத்து எழுத்தாக ஊகித்து மறைந்த சொல்லைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு பிழைக்கும் ஆசிரியர் தூக்குமரப் படத்தில் ஒரு கோட்டைக் கூட்டிச் செல்லும் விளையாட்டுக்கும் பொருத்திப் பார்க்கலாம். தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், எழுத்தைச் சொன்னாலே ஒலியையும் சொன்னதாகிவிடும். ஆங்கிலத்தில் அப்படியில்லை. 'டபிள்யூ' என்ற பெயருக்குள் அந்த எழுத்தின் ஒலி இல்லை. 'எச்' என்ற பெயரும் அவ்வாறே. பிள்ளை எழுத்துப் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போய், ஒலியையும் பொருளையும் தொடாமல் வெற்றி பெற்றுவிடுகின்றது. விடை தெரிந்ததும் கைதட்டல். அடுத்த நிமிடம் அடுத்த சொல். அச்சொல்லின் பொருளை யாரும் கேட்பதில்லை.

நான் இதை வேறு விதமாக நடத்துகிறேன். எழுத்தைக் கேட்கும் முன் சொல்லைப் பற்றிய இரண்டு சிறு வாக்கியங்களை ஆங்கிலத்திலேயே சொல்லிவிடுவேன். பிள்ளை எழுத்தின் பெயரோடு அதன் ஒலியையும் சொல்ல வேண்டும். சொல் வெளிப்பட்ட பின், அதை வைத்து யாராவது ஒரு வாக்கியம் சொன்னால்தான் புள்ளி கிடைக்கும். எங்கள் பாடசாலையில் தரம் 3, தரம் 4 பிள்ளைகள் ஒரே அறையில் அமர்வதால், குறிப்பு வாக்கியங்களைச் சொல்லும் பொறுப்பை இப்போது தரம் 4 பிள்ளைகளிடமே கொடுத்திருக்கிறேன். ஊகிப்பவரைவிடக் குறிப்புச் சொல்பவரே அதிகம் கற்கிறார் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தூக்குமரத்தை நான் கரும்பலகையில் கீறுவதில்லை. எங்கள் பக்கத்தில், 2006இல் சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து, நெடுங்காலம் வேறிடங்களில் வாழ்ந்து மீளக் குடியேறிய குடும்பங்கள் பல உள்ளன. ஒரு மனிதனைத் தூக்கிலிடும் படத்தைச் சிறு பிள்ளைகளின் முன் விளையாட்டாக வைப்பது எந்த ஊரிலும் பொருந்தாது. இங்கே சிறிதும் பொருந்தாது. அதற்குப் பதிலாக, மூதூர் இறங்குதுறையிலிருந்து திருகோணமலைக்குப் புறப்படும் படகைக் கீறி, ஒவ்வொரு பிழைக்கும் கொட்டியாரக் குடாவின் அலையை ஒரு படி உயர்த்துகிறேன். அலை படகின் விளிம்பைத் தொட்டால் அன்றைய பயணம் நின்றுவிடும். பிள்ளைகள் அந்தப் படகில் தினமும் போய்வருவோரை அறிந்தவர்கள் என்பதால் மிகுந்த ஈடுபாட்டுடன் விளையாடுகிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், திருகோணமலை நகர் எழுதியது:

இருவரும் எழுதியவற்றைக் கவனத்துடன் வாசித்தேன். விளையாட்டை நான் எதிர்க்கவில்லை. ஆனால், வாயால் சொல்வதற்கு நீங்கள் கொடுக்கும் இடத்தை எழுதுவதற்குக் கொடுக்காதது எனக்குக் கவலை தருகின்றது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள்தாம் உள்ளன. ஒலிகளோ 40க்கு மேல். எழுத்துக்கூட்டலை ஒலியிலிருந்து மட்டும் அறிந்துகொள்ள இயலாத மொழி அது. சொல்வதெழுதலையும் பார்த்தெழுதலையும் பழைய முறை என்று ஒதுக்கிவிட்டு விளையாட்டில் நேரத்தைச் செலவழித்த வகுப்புகளிலிருந்து தரம் 6க்கு வரும் பிள்ளைகள், கேட்டால் விளங்கும் சொல்லையும் எழுதத் தெரியாமல் திணறுவதை நெடுங்காலம் பார்த்திருக்கிறேன்.

தமிழ்ப் பிள்ளைக்கு உரிய இரண்டு இடர்ப்பாடுகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். நமது எழுத்து முறையில் மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே எழுத்தாக நிற்கின்றன. 216 உயிர்மெய் எழுத்துகளைப் பழகிய கை, ஆங்கிலம் எழுதும்போது மெய்யை மட்டும் எழுதிவிட்டு, உயிர் அதற்குள் இருப்பதாகவே எண்ணிக் கடந்துவிடுகின்றது. பெரிது என்ற பொருள் தரும் மூன்றெழுத்துச் சொல்லைப் பல பிள்ளைகள் இரண்டு எழுத்தில் முடித்துவிடுவது இதனால்தான். மற்றது, வல்லின ஒலி. குண்டூசிக்கும் குப்பைத்தொட்டிக்கும் உரிய ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'பின்' என்றே அமையும்; நம் பிள்ளைகளின் செவியிலும் இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன. ஒரு பிள்ளை பிழையாக ஒலித்ததை மற்ற முப்பது பிள்ளைகளும் உற்சாகத்தோடு திருப்பிச் சொல்லும் விளையாட்டு, பிழையை நிலைக்கச் செய்துவிடாதா? இதற்கு உங்கள் மறுமொழியை எதிர்பார்க்கிறேன்.

உப்புவெளி ஆசிரியை எழுதியது:

ஐயா, நீங்கள் சுட்டிய இரண்டு இடர்ப்பாடுகளும் உண்மையானவை. அவற்றை விளையாட்டினாலேயே நேராக எதிர்கொள்ள முடியும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஒலியைப் பொறுத்தவரை, சொல்ல வைப்பதற்கு முன் கேட்க வைக்க வேண்டும். வகுப்பின் ஒரு மூலையில் குண்டூசியின் படத்தையும் எதிர் மூலையில் குப்பைத்தொட்டியின் படத்தையும் ஒட்டிவிட்டு, நான் இரண்டில் ஒரு சொல்லைச் சொல்வேன். பிள்ளைகள் தாங்கள் கேட்ட சொல்லுக்குரிய மூலைக்குச் செல்ல வேண்டும். தொடக்கத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கும். அந்தப் பிரிவே பிள்ளைகளுக்கு, இங்கே கேட்டு வேறுபடுத்த வேண்டிய ஒன்று இருக்கிறது என்பதை உணர்த்திவிடுகின்றது. பிறகு மெல்லிய கடதாசித் துண்டை உதட்டின் முன் பிடித்துச் சொல்லச் சொல்வேன். குண்டூசிக்குரிய சொல்லின் முதல் ஒலியை ஆங்கிலேயர் காற்றைத் தள்ளி ஒலிப்பதால் கடதாசி அசையும். மற்றச் சொல்லுக்கு அவ்வளவு அசையாது. நம் நாட்டு ஆங்கிலத்தில் இந்தக் காற்று குறைவு என்பதால் ஆசிரியரும் முதலில் பயிற்சி செய்துகொள்ள வேண்டும். விரலைத் தொண்டையில் வைத்து அதிர்வை உணரச் செய்வதும் உதவும். பிள்ளைகள் வேறுபாட்டைக் கேட்கத் தொடங்கிய பின்னரே அச்சொற்களைப் பேசும் விளையாட்டுகளில் சேர்க்கிறேன்.

எழுத்துக்கூட்டலுக்கு எழுத்து மட்டைகளை வைத்திருக்கிறேன். உயிரெழுத்து ஐந்தும் சிவப்பு மட்டையில், ஏனையவை வெள்ளை மட்டையில். மூன்று பிள்ளைகள் மட்டைகளை ஏந்தி முன்னால் வந்து நின்றால் ஒரு சொல். சிவப்பு மட்டை இல்லாமல் எந்தச் சொல்லும் நிற்காது என்பது ஒழுங்கு. 'வை' என்ற எழுத்து சில சொற்களில் உயிரொலி தரும். அத்தகைய சொற்களைப் பிந்திய தவணைக்கு வைத்துவிடுகிறேன். பின்னர் ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளை மட்டும் மாறும். பூனையைக் குறிக்கும் சொல்லில் முதலெழுத்தை மாற்றினால் தொப்பி. தொப்பியின் நடு எழுத்தை மாற்றினால் சூடு. மறுபடி முதலெழுத்தை மாற்றினால் பானை. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் புதிய சொல்லை வாசித்து, அதன் பொருளைச் செய்கையால் காட்டி, கொப்பியில் எழுத வேண்டும். உயிரை விட்டுவிட்டு எழுதும் பழக்கம் இதனால் தெளிவாகக் குறைகின்றது.

சொல்வதெழுதலையும் நான் கைவிடவில்லை. வகுப்புக்கு வெளியே சுவரில் ஒரு வாக்கியத்தை ஒட்டிவிட்டு, சோடியில் ஒருவர் சென்று வாசித்து மனத்தில் வாங்கிக்கொண்டு வந்து சொல்ல, மற்றவர் எழுதுவார். அடுத்த வாக்கியத்துக்கு இருவரும் இடம் மாறுவர். வாசிப்பு, நினைவு, பேச்சு, செவி, எழுத்து ஐந்தும் அதில் வேலை செய்கின்றன.

கிண்ணியா ஆசிரியை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். விளையாட்டின் வடிவத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. விளையாட்டுக்குள் எந்தச் சொற்களை ஒன்றாக வைக்கிறோம் என்பதை நான் எடுத்துக்கொள்கிறேன். நாம் வழக்கமாக நிறங்கள் என்றால் எல்லா நிறங்களையும், பழங்கள் என்றால் எல்லாப் பழங்களையும் ஒரே பாடத்தில் வைத்து, அவற்றையே ஒரே விளையாட்டிலும் வைக்கிறோம். அடுக்கிப் பார்க்க அது ஒழுங்காகத் தெரிகின்றது. ஆனால், ஒரே வகையைச் சேர்ந்த புதிய சொற்களை ஒரே நேரத்தில் கற்கும்போது அவை ஒன்றோடொன்று குழம்பி, கற்க அதிக நேரம் எடுக்கின்றன என்பதை டிங்கம் என்ற ஆய்வாளர் 1993இலும், வேரிங் என்பவர் 1997இலும் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. அவை வளர்ந்தோரைக் கொண்டு செய்யப்பட்டவை. எனினும் என் வகுப்புப் பிள்ளைகளிடமும் அதே குழப்பத்தைக் காண்கிறேன். எதிர்ச்சொற்களில் இது இன்னும் கடுமை. இடம், வலம் என்ற இரண்டுக்கும் உரிய சொற்களை ஒரே நாளில் கற்ற பிள்ளை, இரண்டையும் அறிந்திருந்தும், எது எது என்று நெடுநாள் தடுமாறுகின்றது.

அதனால் எதிர்ச்சொற்களைப் பிரித்துவிட்டேன். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய்வராத பிள்ளை எங்கள் வகுப்பில் அரிது; அந்த ஏழு கிணறுகளின் கதையோடு சூட்டுக்குரிய சொல்லைக் கற்பிக்கிறேன். குளிருக்குரிய சொல், முதற்சொல் நன்கு வேரூன்றிய பின், வேறொரு மாதத்தில் ஐஸ்பழத்தோடு வரும். பழங்கள், மீன்கள் என்ற வகைகளுக்குப் பதிலாக ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்கிறேன். காலையில் தோணி கரைக்கு வருகின்றது என்று வைத்துக்கொண்டால், மீன், வலை, ஈரம், பாரம், இழு, வாங்கு, தராசு ஆகியவை ஒரே காட்சிக்குள் வருகின்றன. பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் பண்புச்சொல்லும் கலந்திருப்பதால் ஒன்றையொன்று குழப்புவதில்லை; பிள்ளைகள் நடித்துக்காட்டவும் வசதி. ஒரு பிள்ளை கரும்பலகைக்கு முதுகு காட்டி நிற்க, பலகையில் உள்ள சொல்லை மற்றவர்கள் நடிக்க, அவர் சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டுக்கு இந்தக் காட்சிச் சொற்கள் மிகவும் ஏற்றவை.

மறதியைப் பற்றியும் ஒரு சொல். கற்றது முதல் சில மணி நேரங்களிலும் நாள்களிலும்தான் மிக விரைவாக மறக்கின்றது என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் அறிஞர் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி 1885இல் எழுதினார். ஆகவே, ஒரு நாள் பெரிய அளவில் விளையாடி முடித்துவிடுவதைவிட, அதே சொற்களைச் சிறிது சிறிதாக, இடைவெளியைக் கூட்டிக் கூட்டி விளையாடுவதே மேல். 1972இல் லைட்னர் என்பவர் எழுதிய பெட்டி முறையை நான் பயன்படுத்துகிறேன். ஒரு சப்பாத்துப் பெட்டியை மட்டையால் நான்கு அறைகளாகப் பிரித்து, படம் ஒரு புறமும் சொல் மறுபுறமும் உள்ள சிறு மட்டைகளை முதல் அறையில் வைக்கிறோம். படத்தைப் பார்த்துச் சொல்லைச் சரியாகச் சொன்னால் மட்டை அடுத்த அறைக்குப் போகும். பிழைத்தால் முதல் அறைக்கே திரும்பிவிடும். முதல் அறையை ஒவ்வொரு நாளும், இரண்டாவதை வாரத்தில் இரு முறையும், மூன்றாவதை வாரத்துக்கு ஒரு முறையும், கடைசி அறையை மாதத்துக்கு ஒரு முறையும் எடுக்கிறோம். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி. மட்டைகளைப் பிள்ளைகளே கீறுவதால் செலவும் இல்லை.

தம்பலகாமத்திலிருந்து ஒரு தாய் எழுதியது:

எல்லா ஆசிரியர்களுக்கும் வணக்கம். என் மகள் தரம் 4இல் படிக்கிறாள். நாங்கள் வயல் செய்யும் குடும்பம். எனக்கு ஆங்கில எழுத்துகள் தெரியும். வாசித்து விளங்கிக்கொள்ள இயலாது. ரியூசனுக்கு அனுப்பினால்தான் ஆங்கிலம் வரும் என்று பலரும் சொல்கிறார்கள். நீங்கள் எழுதுவதை வாசிக்கும்போது வீட்டிலும் ஏதாவது செய்யலாம் என்ற நம்பிக்கை வருகின்றது. ஆனால், நான் பிழையாகச் சொல்லிக் கொடுத்து, பிள்ளை அதையே பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம் இருக்கின்றது. ஆங்கிலம் தெரியாத தாய் பிள்ளையோடு எப்படி விளையாடலாம் என்று விளக்கமாகச் சொல்வீர்களா?

மூதூர் ஆசிரியர் எழுதியது:

அம்மா, நீங்கள் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். கிண்ணியா ரீச்சர் எழுதிய மட்டைகளைப் போல மகள் பாடசாலையில் படித்த சொற்களுக்கு மட்டைகள் செய்யட்டும். நீங்கள் படத்தைக் காட்டுங்கள். அவள் சொல்லைச் சொல்லி, எழுத்துக்கூட்டி, பின்புறத்தைத் திருப்பி நீங்கள் பார்க்க ஒப்பிடட்டும். எழுத்துகள் உங்களுக்குத் தெரியும் என்பதால் அவள் கூட்டியது சரியா என்பதை நீங்களே கண்டுவிடலாம். சில நாள்களில் அவள் ஆசிரியராக இருந்து உங்களுக்குக் கற்பிக்கட்டும். பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. நீங்கள் மறந்துபோன சொல்லை அவள் மறுபடி சொல்லித் தரும்போது அது அவளிடம் இன்னும் உறுதியாகின்றது.

வீட்டில் உள்ள பொருள்களில் சிலவற்றை, தேசிக்காய், அகப்பை, திறப்பு, சிப்பி போன்றவற்றை, ஒரு தட்டில் வைத்து, சிறிது நேரம் பார்க்கவிட்டு, துணியால் மூடி ஒன்றை எடுத்துவிடுங்கள். எது இல்லை என்பதை அவள் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நகரத்துக்குப் பஸ்ஸில் வரும்போது வழியிலுள்ள பெயர்ப்பலகைகள் மூன்று மொழிகளிலும் இருப்பதைக் காணலாம். தமிழில் உள்ளதை நீங்கள் வாசியுங்கள். அதே பலகையில் ஆங்கிலச் சொல் எங்கே என்று அவள் கண்டுபிடிக்கட்டும். சவர்க்காரம், பால்மா, பிஸ்கட் பொதிகளிலும் இதைச் செய்யலாம். உச்சரிப்பைப் பற்றி அஞ்ச வேண்டாம். அதைத் திருத்துவது எங்கள் கடமை. வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். அது தொடர்ந்து நடக்க வேண்டும்.

பயிலுநர் ஆசிரியர் எழுதியது:

நான் கல்வியியற் கல்லூரியில் ஆரம்ப ஆங்கிலம் பயில்கிறேன். கற்பித்தற் பயிற்சிக்காகப் பாடசாலைக்குச் செல்லவிருக்கிறேன். குறுக்கெழுத்து, பலகையில் எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் கட்டும் ஸ்க்ரபிள் ஆகியவற்றை ஆரம்பப் பிரிவில் பயன்படுத்தலாமா? கைபேசிச் செயலிகளைப் பற்றிய உங்கள் கருத்து என்ன?

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், திருகோணமலை நகர் எழுதியது:

முதலில் உப்புவெளி ஆசிரியைக்கு: சிவப்பு மட்டை முறையும், சுவரில் வாசித்து வந்து சொல்லும் சொல்வதெழுதலும் என் ஐயத்தைப் பெரிதும் நீக்கின. எழுத்து இடம்பெறும் விளையாட்டு என்றால் எனக்கு மறுப்பில்லை.

தம்பிக்கு: ஸ்க்ரபிள் 1930களில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அல்ஃபிரட் பட்ஸ் உருவாக்கிய விளையாட்டு. செய்தித்தாள்களில் எந்த எழுத்து எவ்வளவு வருகின்றது என்று எண்ணிப் பார்த்தே அவர் எழுத்துகளின் அளவை வகுத்தார். அதனால்தான் 100 வில்லைகளில் 'ஈ' 12 இருக்க, 'க்யூ'வும் 'ஸெட்'டும் ஒவ்வொன்றாக, 10 புள்ளிகளுடன் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான சொற்கள் தெரிந்தவர்களுக்கு அது அருமையான விளையாட்டு. சில நூறு சொற்கள் மட்டும் தெரிந்த பிள்ளை கையிலுள்ள ஏழு வில்லைகளைப் பார்த்துச் செய்வதறியாது அமர்ந்திருக்கும். பலகையை விட்டுவிட்டு வில்லைகளை மட்டும் எடுத்து, படங்களுக்குரிய சொற்களைக் கட்டச் சொல்லுங்கள். குறுக்கெழுத்தில், குறிப்புக்குப் பதிலாகப் படம் வைத்து, ஐந்தாறு சொற்களுக்குள் நிறுத்திக்கொண்டால் நல்லது. ஒரு சொல் பிழைத்தால் குறுக்கே வரும் சொல் பொருந்தாமல் பிள்ளைக்குத் தானே பிழை தெரிந்துவிடும். செயலிகளில் பெரும்பாலானவை நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்பவை. அங்கே சொல்லை நினைவுகூரும் தேவை குறைவு.

நமது மரபில் உள்ள இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று நொடி, அதாவது விடுகதை. வெளியே பச்சை, உள்ளே சிவப்பு, கறுப்பு விதை என்று மூன்று சிறு வாக்கியங்களை ஆங்கிலத்தில் சொன்னால் வகுப்பே வத்தகப்பழத்தின் ஆங்கிலப் பெயரைக் கூவும். பிறகு பிள்ளைகளே நொடி கட்டத் தொடங்குவார்கள். சொல்லோடு சொல்லைப் பொருத்தி வாக்கியமாக்கும் திறன் அங்கேதான் வருகின்றது. மற்றது அந்தாதி போலக் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்குவது. இதில் ஒரு கவனம் தேவை. மேசைக்கும் வீட்டுக்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் ஒலிக்காத 'ஈ'யில் முடிகின்றன. எழுத்தால் தொடர்கிறோமா, ஒலியால் தொடர்கிறோமா என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எழுத்தால் தொடர்ந்தால் 'ஈ' திரும்பத் திரும்ப வந்து, யானை, முட்டை, கண், காது என்பவற்றுக்குரிய சொற்கள் தீர்ந்தவுடன் விளையாட்டு நின்றுவிடும். தரம் 3க்கு ஒலியால் தொடர்வதே பொருத்தம்.

குச்சவெளி ஆசிரியர் எழுதியது:

இங்கே எழுதப்பட்டவை யாவும் பயனுள்ளவை. ஆனால், நடைமுறையில் நான் சந்திக்கும் தடைகளையும் முன்வைக்கிறேன். தரம் 5இல் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது, விளையாட்டு நடக்கும் வகுப்பைப் படிப்பு நடக்காத வகுப்பாகவே பெற்றோர் பார்க்கிறார்கள். கொப்பியில் எழுத்து இல்லாத நாளில் கேள்வி எழுகின்றது. தட்டி மட்டும் இடையில் உள்ள மண்டபத்தில் கற்பிப்பதால், என் வகுப்பின் சத்தம் பக்கத்து வகுப்பின் கணித பாடத்தைக் கெடுக்கின்றது. எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது அமைதியான பிள்ளைகளின் நிலை. போட்டி தொடங்கியதும் கெட்டிக்கார நான்கைந்து பேர் எல்லா விடைகளையும் சொல்லிவிடுகிறார்கள். பேச்சுத் திக்குள்ள ஒரு பிள்ளை என் வகுப்பில் இருக்கின்றது. குழு தோற்றது தன்னால்தான் என்று அது நினைக்கும்போது அந்த விளையாட்டையே விட்டுவிடத் தோன்றுகின்றது.

உப்புவெளி ஆசிரியை எழுதியது:

சேர், கடைசியாக நீங்கள் எழுதியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதுவே மிகப் பெரியது. யார் முதலில் சொல்வது என்ற போட்டியை ஆரம்பப் பிரிவில் முற்றாக நீக்கிவிடலாம். சோடியாகவோ நால்வராகவோ அமர்ந்து விளையாடும்போது ஒரே நேரத்தில் வகுப்பின் பாதிப் பேரோ கால்வாசிப் பேரோ பேசுகிறார்கள். யாரும் எல்லோர் முன்னிலையிலும் நிற்பதில்லை. கவிழ்த்து வைத்த மட்டைகளில் சோடி சேர்க்கும் விளையாட்டில் முறை வைத்தே ஆட வேண்டியிருப்பதால் விரைவான பிள்ளை முந்த முடியாது. மட்டையை எடுப்பவர் அதன் பெயரைச் சொன்னால்தான் அது அவருக்குரியது என்று வையுங்கள். குழுவின் புள்ளியை முந்திய வாரத்தில் அதே குழு பெற்ற புள்ளியோடு ஒப்பிட்டால் தோற்ற குழு என்று ஒன்று இருக்காது. திக்கும் பிள்ளைக்கு, நண்பன் ஒருவனோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும் வாய்ப்பைக் கொடுத்துப் பாருங்கள். சேர்ந்து சொல்லும்போது திக்கல் பெரும்பாலும் குறைகின்றது. சத்தத்துக்கும் சோடி விளையாட்டே தீர்வு: பக்கத்திலிருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில் சொல்ல வேண்டும் என்பதை விளையாட்டின் ஒழுங்காக்கிவிடலாம்.

பெற்றோரின் கேள்வி நியாயமானது. விளையாட்டு முடிந்ததும் அன்று பயன்பட்ட சொற்களில் மூன்றை வைத்து மூன்று வாக்கியங்களைக் கொப்பியில் எழுதச் சொல்கிறேன். அதைப் பார்த்த பின் எந்தப் பெற்றோரும் குறை கூறவில்லை. பரீட்சையை நோக்கியும் இது வீணல்ல. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவரைவிட, வாசித்ததை நினைவுகூர்ந்து தம்மையே சோதித்துக்கொண்ட மாணவர் ஒரு வாரத்தின் பின் அதிகம் நினைவில் வைத்திருந்தனர் என்று ரோடிகர், கார்ப்பிக் என்ற ஆய்வாளர்கள் 2006இல் காட்டினர். அவர்கள் சோதித்தது பல்கலைக்கழக மாணவரை என்றாலும், நினைவுகூர வைக்கும் விளையாட்டு எதுவாயினும் அது பரீட்சைக்கான பயிற்சியே.

இதுவரை யாரும் தொடாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நமது மட்டைகளில் இருப்பவை பெரும்பாலும் படமாகக் கீறக்கூடிய பொருள்களின் பெயர்கள். ஆனால், சிறுவர் புத்தகங்களில் மீண்டும் மீண்டும் வரும் சொற்களைத் திரட்டி டொல்ச் என்ற அமெரிக்கர் கடந்த நூற்றாண்டில் வெளியிட்ட 220 சொற்களின் பட்டியலில் பெயர்ச்சொல்லே இல்லை. பெயர்களை அவர் வேறாக வைத்தார். கீழே, மேலே, உள்ளே, யார், எங்கே, மிகவும், இல்லை போன்ற பொருள் தரும் அச்சொற்கள் இல்லாமல் ஒரு வாக்கியமும் அமையாது. அவற்றை மட்டையில் கீறவும் இயலாது. இவற்றுக்கு இடத்தைக் காட்டும் விளையாட்டு உதவுகின்றது. பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் மான்களை எங்கள் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கோட்டையின் வாசல், மரம், சுவர், படி, பஸ் ஆகியவற்றைக் கரும்பலகையில் கீறிவிட்டு, மட்டையில் வெட்டிய மானை ஒரு பிள்ளை மனத்தில் ஓரிடத்தில் ஒளித்துவைக்கும். மற்றப் பிள்ளைகள் மான் மரத்தின் கீழே நிற்கிறதா, சுவருக்குப் பின்னால் நிற்கிறதா, பஸ்ஸுக்கும் வாசலுக்கும் இடையில் நிற்கிறதா என்று முழு வாக்கியத்தில் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். ஒரு சொல்லை மட்டும் சொல்லிக் கேட்டால் மறுமொழி கிடையாது. பாடவேளை முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் அந்தச் சிறு சொற்களைப் பல முறை தானாகவே பயன்படுத்திவிடுகின்றது.

கிண்ணியா ரீச்சர், தோணிக் காட்சிக்குரிய உங்கள் மட்டைகளைப் படமெடுத்து இங்கே இட்டால், நான் கோட்டைப் படத்தையும் மான் மட்டையையும் இடுகிறேன். பெரிதாக்கி அச்செடுக்க வசதியில்லாத பாடசாலைகளும் இருப்பதால், பிள்ளைகள் பார்த்துக் கீறக்கூடிய எளிய கோட்டுப் படங்களாக இருந்தால் நல்லது.